சந்தாவுக்கு எது நியாய விலை?

இணைய விளையாட்டுகளின் மாதச் சந்தா முதலில் 10 டாலரை ஒட்டியே இருந்தது. 1997இல் வந்த ‘அல்டிமா ஆன்லைன்’ மாதம் 9.95 டாலர் வாங்கியது. 2004 நவம்பரில் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 14.99 டாலர் கேட்டது. அமெரிக்காவில் இருபது ஆண்டுகள் கடந்தும் அந்தத் தொகை ஏறவில்லை. 15 டாலர்தான் நியாயம் என்ற எண்ணம் ஆட்டக்காரர்களிடம் ஊறிப்போனது. யாரும் கணக்குப் போட்டு வந்த முடிவல்ல அது, வெறும் பழக்கம்.

‘ஈவ் ஆன்லைன்’ 2022 மே மாதம் சந்தாவை 14.95இலிருந்து 19.99 டாலராக உயர்த்தியதும் எதிர்ப்பு கிளம்பியது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், அந்த விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில் கட்டிய 15 டாலரைவிட இந்த 20 டாலர் மலிவுதான். ஆனாலும் கோபத்துக்குக் காரணம் உண்டு. நடத்தைப் பொருளாதார ஆய்வாளர்கள் கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வரும்: 15 டாலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வாரியைப் பனிப்புயலுக்கு மறுநாள் கடைக்காரர் 20 டாலராக்கினால் சரியா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றனர். செலவு கூடியதால் விலை ஏறினால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். தங்கள் தேவையைக் காசாக்குவதாகத் தோன்றினால் பொறுப்பதில்லை.

சந்தாவின் பெரிய பலம் சமத்துவம். எல்லாரும் ஒரே தொகை கட்டுவதால், வாளும் கவசமும் உழைப்பால் மட்டுமே கிடைக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தை நிறுவனங்களே குலைத்தன. ‘வார்கிராஃப்ட்’ 2010இல் விளையாட்டுக்குள் சவாரி செய்ய ஒரு குதிரையை 25 டாலருக்கு விற்றது. மாதச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிய மெஸ்ஸில் அப்பளத்துக்குத் தனிக் காசு கேட்டது போல! அதுகூடப் பரவாயில்லை, வெறும் அலங்காரம். ஆனால் 2015இல் வந்த 20 டாலர் டோக்கனை விளையாட்டுக்குள் விற்று, அங்கே பணமாகச் செல்லும் தங்கமாக மாற்றிக்கொள்ளலாம். பணம் உள்ளவர் முந்த அது வழிவிட்டது. விலையேற்றத்தைவிட இதுவே பெரிய பிழை.

இன்னொரு குறை, வாரம் இரண்டு மணி நேரம் ஆடுபவரும் நாள் முழுதும் ஆடுபவரும் ஒரே தொகை கட்டுவது. சீனாவில் 2005இல் ‘வார்கிராஃப்ட்’ ஆட இதற்கு மாற்று இருந்தது: 30 யுவான் அட்டைக்கு 4,000 நிமிடம், ஆடிய நேரம் மட்டுமே அதில் கழியும். 2016இல் அங்கும் மாதச் சந்தா வந்தது, 75 யுவான். பழைய அட்டையின் விகிதப்படி அது 10,000 நிமிடத்துக்கான பணம். தினமும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆடுபவருக்குத்தான் அது லாபம்.