நடக்காத அரை மணி நேரம்

மருத்துவ அலட்சிய வழக்குகளின் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே மாண்ட்கோமரி வழக்கில் போய் நின்றுவிடுகிறது. ஸ்காட்லாந்தில் இரண்டு படிகளில் தோற்ற வழக்கு. லண்டனில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் முன்னால், வழக்குத் தொடுத்த தாய்க்காக ஜேம்ஸ் பேடனாக் எழுந்து நின்றார். 2015 மார்ச் 11 அன்று தீர்ப்பு வந்தபோது, நோயாளிக்கு எதைச் சொல்வது என்பதை மருத்துவர்களே தங்களுக்குள் தீர்மானித்துக்கொண்டிருந்த காலம் முடிந்தது. பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கில் எனக்குப் பிடித்த இடம் சம்மதத்தைப் பற்றிய பத்திகளில் இல்லை. பிரசவம் பார்த்த மருத்துவர் தன் தரப்பைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒரு பதிலில் இருக்கிறது. தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தை எல்லாத் தாய்மாரிடமும் சொன்னால் எல்லோரும் சிசேரியன்தான் கேட்பார்கள், அதனால்தான் சொல்வதில்லை என்றார் அவர். அப்படியானால் சொல்லியிருந்தால் இந்தத் தாயும் அதைத்தான் கேட்டிருப்பார் அல்லவா? கேடயமாக நீட்டிய பதிலே காரணத் தொடர்பை நிரூபித்துவிட்டது. வழக்காடும் தொழிலின் ருசி எனக்கு அங்கேதான்: நடக்காத ஒன்றைச் சாட்சியின் வாயாலேயே நடக்க வைப்பது.

அந்த ருசியில் போலிதோ வழக்குக்கு மேல் ஒன்று இல்லை என்பது என் கட்சி.

1984 ஜனவரி, லண்டன் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனை. மூச்சுத் திணறலோடு சேர்க்கப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை. பகல் 12.40-க்கு முதல் திணறல். வார்டு சிஸ்டர் ரெஜிஸ்ட்ராரைக் கூப்பிடுகிறார். வருகிறேன் என்றவர் வரவில்லை. குழந்தை தேறுகிறது. இரண்டு மணிக்கு மறுபடி திணறல். இந்த முறை ரெஜிஸ்ட்ரார் கிளினிக்கில் இருக்கிறார், ஜூனியரைப் போகச் சொல்கிறார். ஜூனியரின் பீப்பரில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மறுபடியும் குழந்தை தேறுகிறது, விளையாடக்கூடச் செய்கிறது. 2.30-க்கு மூச்சு அடைத்து இதயம் நின்றுபோகிறது. திரும்பக் கொண்டுவருவதற்குள் மூளை சேதமாகிவிட்டது.

ஒரு சாதாரண வக்கீலுக்கு அந்தப் பேட்டரியே போதும், ஒரு நாள் முழுக்க அதை வைத்துப் பேசலாம். ஆனால் இந்த வழக்கில் அதற்கு வேலையே இருக்கவில்லை. வந்திருக்க வேண்டும், வராதது அலட்சியம் என்று மருத்துவமனை ஒப்புக்கொண்டுவிட்டது. 2.30-க்கு முன் மூச்சுக்குக் குழாய் செருகியிருந்தால் குழந்தை தப்பியிருக்கும் என்பதிலும் சண்டை இல்லை. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. வந்திருந்தால் அந்த மருத்துவர் குழாய் செருகியிருப்பாரா? மாட்டேன் என்று அவரே கூண்டில் நின்று சொன்னார், நீதிபதியும் நம்பினார். அதோடு வழக்கு முடிந்ததா என்றால் இல்லை. இரண்டாவது கதவு ஒன்று இருந்தது: வந்து பார்த்தும் குழாய் செருகாமல் விட்டிருந்தால், அப்படி விட்டதே அலட்சியம் ஆகியிருக்குமா?

ஒரு மருத்துவர் தான் போகாத வார்டில், தான் பார்க்காத குழந்தைக்கு, தான் எடுக்காத முடிவைப் பற்றிச் சாட்சி சொல்கிறார். இந்தப் பக்கம் ஐந்து நிபுணர்கள், அந்தப் பக்கம் மூன்று பேர். தலை எண்ணித் தீர்ப்பு எழுத நீதிபதியால் முடியாது. மூச்சு படிப்படியாகச் சரிகிறது, அடுத்த திணறல் வருவதற்குள் குழாய் வேண்டும் என்பது வாதி தரப்பின் படம். நடுவில் குழந்தை சிவந்த முகத்தோடு ஓடி விளையாடியிருக்கிறது. படிப்படியாகச் சரியும் மூச்சு அப்படி இருக்காது. இரண்டு வயதுக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துக் குழாய் செருகுவதும் ஆபத்துதான் என்பது எதிர்த் தரப்பின் படம். இரண்டுக்கும் ஆதாரம் வார்டில் இருந்தவர்கள் பார்த்ததும் சொன்னதும்தான். இத்தனை சின்ன நிலத்தில் இத்தனை நுணுக்கமாக உழுத வழக்கை நான் வேறு படித்ததில்லை.

வாதி தோற்றார். 1997 நவம்பர் 13 அன்று பிரபுக்கள் சபையிலும் தோற்றார். ஆனால் தோற்கும்போது ஒரு கதவைத் திறந்துவிட்டுத்தான் போனார். நிபுணர் ஒருவர் வந்து ‘எங்களில் சிலர் இப்படித்தான் செய்வோம்’ என்று சொல்வது மட்டும் போதாது, அந்தக் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும், ஆபத்தையும் பலனையும் எடைபோட்டிருக்க வேண்டும் என்றார் பிரவுன்-வில்கின்சன் பிரபு. அரிதாகத்தான் இந்தக் கதவு திறக்கும் என்றும் சேர்த்தே சொன்னார். அப்படிச் சொன்னால் போதும் என்ற போலம் வழக்கின் விதியை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் நிம்மதியாக இருந்த நிபுணர்களை அதன் பிறகு குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. அதற்கு முன் கேள்வி கேட்கலாம், ஆனால் பதில் பிடிக்காவிட்டால் போய்ச் சேர ஓர் இடம் இல்லை.

போலத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1957-ல் மக்நேர் நீதிபதி ஜூரிக்குச் சொன்ன சில வாக்கியங்கள் உலகம் முழுக்கச் சட்டமானது ஓர் அதிசயம். மேல்முறையீட்டுத் தீர்ப்புகூட அல்ல, ஜூரிக்குக் கொடுத்த விளக்கம். நம் உச்ச நீதிமன்றமும் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் அதைத்தான் பிடித்துக்கொண்டது. இங்கே சட்டக் கல்லூரியில் போலத்தை ஒப்பிக்காதவர் இல்லை. போலிதோவை உண்மைப் பகுதியிலிருந்து வரிவரியாகப் படித்தவர்கள்தான் குறைவு.

லண்டனில் இருந்த காலத்தில் ஸ்ட்ராண்டிலிருக்கும் ராயல் கோர்ட்ஸின் பின் பெஞ்சில் நிறைய நாட்கள் உட்கார்ந்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம் என்பது அந்த நாட்டின் பெரிய கொடை. அங்கே ஒரு பெண் பாரிஸ்டரைக் கேட்டேன். பிரசவத்தில் மூளைச் சேதம் அடைந்த குழந்தையின் வழக்கு. அவர் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. ‘வெட்கக்கேடு’, ‘கொடுமை’ மாதிரி எந்த அடைமொழியும் வாயில் வரவில்லை. கையில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிந்த சி.டி.ஜி. தாள். அந்த ஊரில் அது நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும், அதனால் அளவுகோலை வைத்தால் நேரம் தெரிந்துவிடும்.

இந்த வகை வழக்கின் கணக்கு வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். பிராணவாயு கிட்டத்தட்ட முழுதாக நின்றுபோனால் முதல் பத்து நிமிடம்போலக் குழந்தை தாங்கும், அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் மூளையிலிருந்து கழியும் என்பதுதான் நிபுணர்கள் பொதுவாகக் கூண்டில் வைக்கும் கணக்கு. எம்.ஆர்.ஐ. படத்தில் சேதம் மூளையின் நடு முடிச்சுகளில் இருந்தால் இந்தக் கணக்கு. மேல் ஓரங்களில் பரவியிருந்தால் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல வந்த சேதம், அது வேறு வழக்கு. ஆக, பிறந்த பிறகு இதயம் பழைய வேகத்துக்கு வந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். எப்போது நின்றது? எப்போது எடுத்திருந்தால் தப்பியிருக்கும்? எப்போது எடுத்திருக்க முடியும்?

இங்கே அந்த அம்மையார் செய்ததை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. எடுத்த எடுப்பில் அவர் நிபுணரைத் தொடவே இல்லை. முதலில் கடிகாரங்களை ஒன்றோடொன்று சரிசெய்தார். சி.டி.ஜி. இயந்திரத்துக்கு ஒரு நேரம், அறுவை அரங்கின் சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு நேரம், செவிலி குறிப்பெழுதும்போது பார்த்த கைக்கடிகாரத்துக்கு இன்னொரு நேரம். செவிலி கூண்டில் இருந்தபோதே, எந்தக் குறிப்பை எந்தக் கடிகாரம் பார்த்து எழுதினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சலிப்பு. அடுத்த நாள் மகப்பேறு நிபுணர் வந்தபோதுதான் அந்தச் சலிப்பு எதற்கென்று புரிந்தது.

“அவசர சிசேரியன் என்று முடிவெடுத்த பிறகு உங்கள் மருத்துவமனையில் அரை மணிக்குள் எடுத்துவிடுவீர்கள்தானே, ப்ரொஃபசர்?”

“பெரும்பாலும்.”

“அன்று பெரும்பாலான நாட்களைவிட வார்டு நெரிசலாக இருந்ததா?”

“இல்லை.”

“அரங்கு காலியாக இருந்தது.”

“ஆம்.”

“மயக்க மருத்துவர் அந்தத் தளத்திலேயே இருந்தார்.”

“ஆம்.”

“நன்றி.”

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். முடிவு எப்போது எடுத்திருக்க வேண்டும் என்பதை முந்தைய நாளே சி.டி.ஜி. தாள் சொல்லிவிட்டது. அதிலிருந்து முப்பது நிமிடத்தைக் கூட்டும் வேலையை நீதிபதிக்கு விட்டுவைத்தார். ‘அப்படியானால் இந்தக் குழந்தை இன்று நடந்துகொண்டிருக்கும், இல்லையா?’ என்று கேட்கத் துடிக்காத ஜூனியரே கிடையாது. அதைக் கேட்டிருந்தால் நிபுணருக்கு ஒரு ‘ஆனால்’ கிடைத்திருக்கும்.

பாரிஸ்டர் ஜார்ஜ் கார்மன் காலத்து மேடைப் பேச்சுதான் வாதம் என்று இருப்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். கார்மனை நானும் ரசித்துப் படித்திருக்கிறேன். ஆனால் அவர் பேசியது ஜூரியிடம். இன்று இந்த வழக்குகளைக் கேட்பவர் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு நீதிபதி, காரணங்களை எழுதிக் கொடுக்க வேண்டியவர். அவர் பேனாவுக்கு உபயோகமில்லாத வாக்கியம் எத்தனை அழகாக இருந்தாலும் வீண்தான்.

இழப்பீட்டு அட்டவணையைக் கணக்குப் பிள்ளை வேலை என்று தள்ளும் ரசிகர்களோடு இன்னொரு சின்னத் தகராறு உண்டு. சர் மைக்கேல் ஓக்டன் பெயரில் 1984 முதல் வரும் அட்டவணைகளைப் புரட்டிப் பெருக்கிப் போடுவதுதானே என்கிறார்கள். 2017-ல், எதிர்காலச் செலவை இன்றைய தொகையாக்கும் தள்ளுபடி விகிதம் இரண்டரை சதவீதத்திலிருந்து மைனஸ் 0.75-க்கு இறங்கியபோது ஒரே காயத்தின் தொகை ஒரே இரவில் எங்கேயோ போனது. 2019-ல் அது மைனஸ் 0.25 ஆனது, 2025 ஜனவரியில் பிளஸ் 0.5 ஆனது. இவற்றில் பாரிஸ்டரின் கை எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் எதைப் பெருக்குவது என்பதில் இருக்கிறது கை. இரவில் பக்கத்து அறையில் தூங்கும் ஒரு பராமரிப்பாளர் போதுமா, விழித்திருப்பவர் வேண்டுமா? குழந்தையை இரவில் எத்தனை முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதற்கு ஒரு ஆள் போதுமா, இரண்டு பேர் வேண்டுமா? பதினைந்து வயதில் உடல் கனக்கும்போது இப்போதிருக்கும் தூக்கும் கருவி தாங்குமா? நல்ல இழப்பீட்டு அட்டவணையைப் படித்தால் அந்த வீட்டின் காலை ஆறு மணி தெரியும், தாயின் முதுகு வலி தெரியும். ஒரு சொலிசிட்டர் நண்பர் காட்டிய அட்டவணையில் பள்ளி வேன் வந்து நிற்கும் நேரம்கூட இருந்தது. இப்போது வருபவற்றில் பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றிவிட்டு மிச்சத்தைப் பழைய வழக்கிலிருந்து எடுத்து ஒட்டியது பளிச்சென்று தெரிகிறது. நீச்சல் சிகிச்சை எல்லாக் குழந்தைக்கும் ஒரே பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் வருகிறது.

சரிவு அங்கே மட்டும் இல்லை. விசாரணைக்கே வழக்குகள் வருவதில்லை. பெரும்பாலானவை இரு தரப்பும் இரண்டு அறைகளில் உட்கார்ந்து பேரம் பேசி முடிகின்றன. பெற்றோருக்கு அது நிம்மதி, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எதிர்க் கேள்வியையே பார்க்காத நிபுணர்களும், நிபுணரைக் குறுக்கு விசாரணையே செய்யாத சீனியர்களும் உருவாகிவிட்டார்கள். கேட்கும் கேள்விகள் இப்போது நிபுணர்களின் கூட்டுச் சந்திப்புக்கான நிரலாகப் போய்விட்டன. பக்கம் பக்கமாக, கிளைக் கேள்விகளோடு, எதிர்த் தரப்புக்கும் தனியாக ஒரு நிரலோடு. கூண்டில் ஆறு கேள்வியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. 2013 ஏப்ரலில், பிரசவத்தை ஒட்டிய கடும் மூளைச் சேத வழக்குகள் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்குச் சட்ட உதவி நிதியையும் நிறுத்தினார்கள். ஜூனியர்கள் கை பழகிய சின்ன வழக்குகள் அதோடு அருகிப்போயின.

கூண்டில் கேட்கும் கேள்வி எதற்கு என்பதற்கு டார்ன்லி வழக்கைச் சொல்லாமல் விட முடியாது. 2010 மே 17, குராய்டன். தலையில் அடிபட்டவர் இரவு 8.26-க்கு அவசரப் பிரிவுக்கு வருகிறார். நான்கைந்து மணி நேரம் ஆகும் என்கிறார் வரவேற்பாளர். உண்மையில் அரை மணிக்குள் ஒரு செவிலி பார்த்திருப்பார். அடிபட்டவர் 19 நிமிடம் இருந்துவிட்டுச் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறார், அன்றிரவே சுருண்டு விழுகிறார், ஒரு பக்கம் செயலிழக்கிறது. கீழே தோல்வி, மேல்முறையீட்டில் தோல்வி, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் வெற்றி. எல்லோரும் லாயிட்-ஜோன்ஸ் பிரபு வரவேற்பாளரின் கடமையைப் பற்றி எழுதியதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் முதலில் தோற்ற விசாரணைத் தீர்ப்புக்குத்தான் போவேன். சரியான நேரத்தைச் சொல்லியிருந்தால் அவர் காத்திருந்திருப்பார், மருத்துவமனையிலேயே விழுந்திருப்பார், ஏறக்குறைய முழுதாகத் தேறியிருப்பார் என்று அந்த நீதிபதி உண்மை நிலையைப் பதிவு செய்திருந்தார். தோற்கடித்த கையோடு எழுதிய அந்தப் பதிவு இல்லாவிட்டால் மேலே போயும் பயன் இருந்திருக்காது. கடமையை நிலைநாட்டிய பத்திகள் சட்ட அறிக்கைகளில் அச்சாகிக் கிடக்கின்றன. அந்தப் பதிவை வாங்கித் தந்த கேள்விகள் வேண்டுமென்றால் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கித் தரச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். விசாரணைகள் அருகிவரும் இந்த நாளில் நடக்கும் ஒன்றிரண்டின் குறுக்கு விசாரணையையாவது முழுதாக அச்சிட்டு வெளியிடலாம். படிக்க நாங்கள் இருக்கிறோம்.