வசையே பேராக: இயன் டூரியின் பாட்டு

பாவம் பார்க்கிறதும் ஒருவகைத் தீண்டாமைதான். "ஐயோ பாவம்" என்கிறவன் எட்ட நின்றுதான் சொல்கிறான். இயன் டூரியைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு இதுதான் தோணும்.

இங்கிலாந்தில் 1942இல் பிறந்தவர். அப்பா பஸ் ஓட்டியவர். 1949இல், ஏழு வயதில், போலியோ இடது காலையும் கையையும் முடக்கியது. ஓவியக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தபடியே 'கில்பர்ன் அண்ட் த ஹை ரோட்ஸ்' குழுவை நடத்தினார். 70களின் தொடக்கத்தில் லண்டனின் பப்புகளில், அதாவது தெருமுனை மதுக்கடைகளில், ஒரு இசை வளர்ந்துகொண்டிருந்தது. கென்டிஷ் டவுனில் டாலி ஹோ, இஸ்லிங்டனில் ஹோப் அண்ட் ஆங்கர். பெரிய மேடை கிடையாது. பீர் கிளாசோடு நிற்கிறவன் மூஞ்சிக்கு நேரே பாடணும். சூம்பின கையை அங்கே ஒளிக்க முடியாது. டூரி ஒளிக்கவும் இல்லை. டிரம் வாசித்தவரும் ஊன்றுகோலோடுதான் வந்தார்.

அந்தக் குழு 1975இல் கலைந்தது. 1977இல் 'நியூ பூட்ஸ் அண்ட் பேன்டீஸ்' தொகுப்பு வந்தது. ராக் பாடகர் பலரும் அமெரிக்க உச்சரிப்பை இரவல் வாங்கிய காலத்தில் டூரி கிழக்கு லண்டன், எஸ்ஸெக்ஸ் பேச்சிலேயே பாடினார். மந்தன் என்று ஒதுக்கப்பட்டவன் 'க்ளெவர் ட்ரெவ'ரில் தானே பேசுகிறான். பஸ் ஓட்டிய அப்பாவுக்கும் ஒரு பாட்டு உண்டு. ஆனால் 'பில்லரிக்கே டிக்கி'யில் பெண்கள் வெறும் வேட்டைக் கணக்கு. பாத்திரம்தானே பேசுது என்று நான் விட்டுவிடத் தயாரில்லை. மிதிபடுகிறவன் தனக்குக் கீழே ஒருத்தியைத் தேடிக்கொள்வது நமக்கும் பழகின சங்கதிதான்.

1979 ஜனவரியில் அவர் பாட்டு பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1981ஐ ஐ.நா. சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. அந்தக் கருணைக்கு டூரி தந்த பதில் 'ஸ்பாஸ்டிகஸ் ஆட்டிஸ்டிகஸ்'. ஸ்பாஸ்டிக் என்பது மருத்துவச் சொல்; தெருவில் அது வசை. அதை எடுத்து, ரோமில் அடிமைகளின் கலகத்தை நடத்திய ஸ்பார்டகஸின் பேரோடு முடிச்சுப் போட்டார். மாலை ஆறு மணிக்கு முன் அதை ஒலிபரப்ப பி.பி.சி. மறுத்தது. இசைத்தட்டுக் கம்பெனியும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 'ஊனமுற்றோர்' என்று அதிகாரம் சொன்னால் விழா. 'ஆமாண்டா, நான் அதுதான்' என்று அவனே சொன்னால் ஆபாசம்!

இந்த நியாயம் நமக்குத் தெரியும். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று ஊருக்கு ஊர் மறுத்ததும் நாம்தான். அதே பறையை நம் மேடையில் தலைநிமிர்ந்து அடித்ததும் நாம்தான். இரண்டும் ஒரே கலகம். சொல்லோ கருவியோ இழிவாகப் பிறப்பதில்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

டூரி 2000இல் இறந்தார். 2012இல் லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் அதே பாட்டை மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள் பாட, அரங்கம் ஆரவாரித்தது. அதே வாரம் வெளியே மாற்றுத்திறனாளிகளின் போராட்டம். உதவித்தொகைக்கு யார் தகுதி என்று அரசுக்காகச் சோதனை நடத்திய கம்பெனியே போட்டிகளின் விளம்பரதாரர்.

பாட்டு ஜெயித்ததா, விழா அதை விழுங்கிவிட்டதா? இரண்டும் நடந்தது என்றே நினைக்கிறேன். அரசு விழாக்களில் நம் பறையும் ஒலிக்கிறது. உள்ளே கைதட்டுகிறவர்களை நாம் எண்ண வேண்டியதில்லை. அந்த நேரம் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று பார்ப்போம்.