விடுமுறையும் வீடு திரும்புதலும்

தமிழாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்த கட்டுரைத் தலைப்பு ஒன்றுண்டு: ‘விடுமுறையில் ஊருக்குச் சென்று வந்தேன்’. அக்கட்டுரை எவ்வாறு தொடங்கும், எவ்வாறு முடியும் என்பதை எழுதும் மாணவனும் அறிவான். திருத்தும் ஆசிரியரும் அறிவார். பயணம் இனிதாக அமையும். பாட்டி வாசலில் நின்று வரவேற்பார். பலகாரங்கள் சுவையாக இருக்கும். இறுதியில் விடுமுறை மகிழ்ச்சியாகக் கழிந்திருக்கும். பிழையின்றி எழுதினால் நல்ல புள்ளிகளும் கிடைக்கும். இதில் குறை காண்பதற்கில்லை. மொழிப் பயிற்சிக்கு இத்தகைய சட்டகம் துணை செய்கிறது. ஆனால், அம்மாணவன் வளர்ந்து கதை எழுத அமரும்போது, அந்தச் சட்டகமும் அவனோடு வந்து அமர்ந்துகொள்கிறது. பண்டிகை மலருக்கென எழுதப்படும் ‘வீடு திரும்பும் கதைகள்’ பல, பள்ளிக் கட்டுரையின் நீட்சியாகவே நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

மலேசியாவில் கிறிஸ்துமஸ் திருநாள் பொது விடுமுறை. பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிந்த நெடுங்காலத்தில், அத்திருநாள் ஆண்டிறுதி விடுமுறையின் நடுவிலேயே அமைந்தது. எனவே, கிறித்தவத் தமிழ்க் குடும்பங்களில் மட்டுமன்றிப் பிற தமிழ்க் குடும்பங்களிலும், வெளியூர் சென்ற பிள்ளைகள் பெற்றோரைக் காண வரும் காலமாக அது ஆயிற்று. அவ்வாறு வருவோர் இறங்கும் இடங்களுள் தனிச்சிறப்புடையது பட்டர்வொர்த். கோலாலம்பூரிலிருந்து வரும் இரயில் பயணம் அங்கே முடிகிறது. தீவுக்குச் செல்வோர்க்கு அங்கே கடல் தொடங்குகிறது. இத்தகைய இடத்தைக் களமாகக் கொண்டு வீடு திரும்பும் கதையை எழுத விரும்புவோர், அப்பொருளைத் தமிழ் இலக்கியம் இதுவரை எவ்வாறு கண்டுள்ளது என்பதை முதலில் அறிதல் நலம்.

வீடு திரும்புதல் தமிழுக்குப் புதிய பாடுபொருள் அன்று. முல்லைத்திணையின் உயிர் அதிலேதான் இருக்கிறது. கார்காலமும் மாலைப்பொழுதும் அத்திணைக்குரிய பொழுதுகள். தலைவன் வருமளவும் ஆற்றியிருத்தல் அதன் உரிப்பொருள். வினைமுற்றி மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் கூறுவதாக அமைந்த பாடல்கள் அகநானூற்றில் பலவுண்டு. பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு, நப்பூதனார் இயற்றிய 103 அடிகளில், வீட்டில் காத்திருக்கும் மனைவியையும் பாசறையில் உறக்கமின்றி இருக்கும் அரசனையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது.

அப்பாட்டின் தொடக்கத்தில் முதுபெண்டிர் விரிச்சி கேட்கச் செல்கின்றனர். தாய்ப்பசு திரும்பாமையால் துவளும் இளங்கன்றினைப் பார்த்து, தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று ஆயர்மகள் ஒருத்தி சொல்லும் ஆறுதல் மொழி அவர்கள் செவியில் விழுகிறது. அதனை நன்னிமித்தமாகக் கொண்டு அவர்கள் தலைவியைத் தேற்றுகின்றனர். ஆயினும் அவள் துயரம் அடங்கவில்லை. முடிவில் அவள் செவி நிறையக் கேட்பது, வென்று மீளும் கணவனின் தேர்க்குதிரைகள் எழுப்பும் ஒலி. பாட்டும் அங்கே நின்றுவிடுகிறது. தலைவன் வீட்டினுள் நுழைவதையும் இருவரும் கண்டு பேசுவதையும் புலவர் பாடவில்லை. பாடவேண்டிய தேவையும் அவர்க்கு இல்லை. பிரிவுக்குக் காரணம் வினை, வினை முடிந்தது, பிரிவும் முடிந்தது. முல்லையின் மகிழ்ச்சி முழுமையானது. காத்திருந்தவளின் துன்பம் அளந்து காட்டப்பட்டிருப்பதால், அம்மகிழ்ச்சிக்கு எடையும் இருக்கிறது.

விடுமுறைக்கு வருபவன் நிலை வேறு. அவன் வினை முடியவில்லை. சில நாள்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அவன் வரும் நாளைக் கார்மேகம் அறிவிப்பதில்லை, நாள்காட்டி அறிவிக்கிறது. திரும்பிச் செல்லும் நாளையும் அதே நாள்காட்டியே அறிவித்துவிடுகிறது. வரும்போதே போகும் பயணச்சீட்டு அவன் பையில் இருக்கக்கூடும். அதனைத் தாயும் அறிவாள். ஆகவே, வாசலில் நிகழும் வரவேற்பு பிரிவின் முடிவாகாது. இரண்டு பிரிவுகளுக்கு இடைப்பட்ட ஓர் இடைவேளையே ஆகும். இவ்வுண்மையை மறந்து, முல்லையின் முடிவை விடுமுறைக் கதைக்கும் பொருத்திவிடும்போது கதை பொய்த்துவிடுகிறது. குதிரைகளின் ஒலியோடு நப்பூதனார் நிறுத்தியது கலைக்கட்டுப்பாடு. அரவணைப்போடு இக்காலக் கதாசிரியர் நிறுத்துவதோ, கதை தொடங்கவேண்டிய இடத்தில் பேனாவை மூடிவைப்பது.

இன்னொரு மாற்றத்தையும் கருதவேண்டும். மலேசியத் தமிழர் வாழ்வில் ‘ஊர்’ என்னும் சொல்லின் பொருளே ஒரு தலைமுறைக்குள் இடம் மாறிற்று. முன்னோர்க்கு ஊர் என்பது கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டில் இருந்தது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ முதலிய கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களை நெடுங்காலம் இணைத்தன. 1985-இல் ‘சிதம்பரம்’ கப்பலில் நேர்ந்த தீவிபத்தோடு அந்தப் பயணிகள் கப்பற் போக்குவரத்து முடிவுற்றது. அதே ஆண்டில்தான் பட்டர்வொர்த்துக்குத் தெற்கே, பிறைப் பகுதியையும் தீவையும் இணைக்கும் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. பழைய ஊருக்குச் செல்லும் கடல்வழி அடைபட்ட ஆண்டிலேயே, புதிய ஊருக்குள் ஒரு தரைவழி திறந்தது.

பழைய ஊரின் ஏக்கத்தை ஆழமாக எழுதியவர் ப. சிங்காரம். 1972-இல் நூலாக வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யில், போர்க்காலத்து மெடானிலும் பினாங்கிலும் திரியும் பாண்டியனின் நெஞ்சில் மதுரைத் தெருக்கள் விடாது எழுகின்றன. ஊர் சேராமலேயே அவன் வாழ்வு முடிகிறது. அதற்கு முன் வந்த ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் திரும்புதலின் வேறொரு முகத்தை அவர் காட்டினார். நேதாஜியின் படையில் சேர்ந்திருந்த செல்லையா, போர் முடிந்தபின் பினாங்கில் தன் முதலாளி வயிரமுத்துப் பிள்ளையிடம் திரும்புகிறான். பிள்ளைக்கு அவன்மீது அன்பில்லாமல் இல்லை. ஆயினும், துப்பாக்கி ஏந்தியவன் மீண்டும் வட்டிக்கடைத் தொழிலுக்கு அடங்கி இருக்கமாட்டான் என்று கருதி, மகள் மரகதத்தை அவனுக்குக் கொடுக்க மறுத்துவிடுகிறார். போனவனே திரும்பி வரவில்லை என்பதை அவர் கண்டுகொள்கிறார். திரும்பும் கதைகள் அனைத்திற்கும் அடிப்படையான உண்மை இது. உருவம் அதுவாக இருக்கலாம், ஆள் வேறு.

கிறிஸ்துமஸ் திருநாளையே களமாகக் கொண்டு இவ்வுண்மையைக் காட்டிய தமிழ் நாவல் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977). மணப்பாட்டுக் கிறித்தவப் பரதவர் வாழ்வைச் சொல்லும் அந்நாவலில், வெளியூரில் ஆசிரியராக இருக்கும் மகன் செபஸ்தி திருநாளுக்கு வீடு வருகிறான். மரபான கதையாயின், அவன் வருகையே பண்டிகையை நிறைவு செய்திருக்கும். இங்கோ, வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடுமாறு அவன் தந்தை குரூஸ் மிக்கேலை வற்புறுத்துகிறான். மகனின் வாதம் தவறானது என்று ஒதுக்க இயலாது. விசைப்படகுகள் வந்துவிட்ட கடலில் வல்லத்தின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. தந்தையின் மறுப்பும் வெறும் பிடிவாதமன்று. வல்லம் அவருக்கு விற்கத்தக்க உடைமையாகத் தோன்றவில்லை. அதுவே அவர் யார் என்பதற்குச் சான்று. நாவல் முடிவதற்குள் தாய் மரியம்மை இறந்துபோகிறாள்; குரூஸ் மிக்கேலின் மனம் நிலைகுலைகிறது. எவரையும் தீயவராக்காமல் இவ்வளவு துயரையும் சொல்லிச் செல்கிறார் ஆசிரியர். வீடு திரும்பும் பிள்ளை அன்போடுதான் வருகிறான். ஆனால் அவ்வன்போடு வீட்டின் முடிவையும் கொண்டுவருகிறான். விடுமுறைக் கதையின் உண்மையான நெருக்கடி இதுவே.

கிறிஸ்துமஸின் மூலக்கதையிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. லூக்கா எழுதிய நற்செய்தியின்படி, குடிமதிப்பில் பெயர் பதிவதற்காக யோசேப்பு தம் முன்னோரின் ஊராகிய பெத்லகேமுக்குச் செல்கிறார். அங்கே சத்திரத்தில் அவர்களுக்கு இடமில்லை. முன்னோர் ஊருக்கே சென்றவர்க்கு அவ்வூரில் இடமில்லாமற் போன நிகழ்ச்சியின்மீதுதான் இத்திருநாள் அமைந்திருக்கிறது. இதனை நினைவிற்கொள்ளும் எழுத்தாளர், கிறிஸ்துமஸ் கதை என்றவுடன் இனிப்பை மட்டுமே எழுதமாட்டார்.

இந்த நெருக்கடிக்கு ஏற்ற களமாகப் பட்டர்வொர்த் அமைந்துள்ளது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே முறையான படகுச் சேவை 1894-இல் தொடங்கிற்று. முன்பு இருப்புப்பாதையின் முனையாக இருந்தது பிறை. 1967-இல் பட்டர்வொர்த் நிலையம் அவ்விடத்தைப் பெற்றது. மின்சார விரைவு இரயில் 2015-இல் அங்கு வரத் தொடங்கியது. கார்களைச் சுமந்த பழைய பெரும்படகுகளின் காலம் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. 2023 முதல் பயணிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்குமான புதிய படகுகள் ஓடுகின்றன. இவை வெறும் போக்குவரத்துச் செய்திகள் அல்ல. கதையின் காலத்தையும் கதியையும் உறுதி செய்பவை. இரவெல்லாம் இரயிலில் அமர்ந்து விடியற்காலையில் வந்திறங்கிய தலைமுறைக்கும், சில மணி நேரத்தில் வந்துசேரும் தலைமுறைக்கும் வீட்டின் தொலைவு ஒன்றன்று. பயணம் எளிதான பின்னும் வருகை அரிதாகவே இருந்தால், அதற்கான காரணத்தைத் தொலைவின்மீது சுமத்த இயலாது. அப்பொழுது கதை பயணத்தை விட்டு மனத்திற்குள் செல்கிறது.

எழுத்தாளர் கண்ணுக்குத் தப்பக்கூடாத ஒரு சிறு செய்தியும் உண்டு. பழைய படகுகளில் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குச் செல்லும்போதே கட்டணம் வாங்கினர். தீவிலிருந்து திரும்பும்போது கட்டணம் இல்லை. பல்லாயிரவர் அன்றாடம் கண்டும் எண்ணிப்பாராத நடைமுறை இது. பண்டிகை முடிந்து மகனை இரயிலேற்ற அவனோடு தீவிலிருந்து படகில் வரும் தந்தை, காசு கொடுக்காமல் கரையேறி, தனியே வீடு திரும்பும்போது மட்டும் காசு கொடுக்கிறார் என்று ஒரு கதையில் எழுதப்பட்டால், பிரிவைப் பற்றி வேறொரு சொல்லும் அங்கே தேவைப்படாது. கடலலையையும் காற்றையும் வருணிக்கும் பத்து வரிகளைவிட, இடத்தை அறிந்து எழுதிய ஒரு வரி வலிமையுடையது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். பண்டிகைக் காலத்து வாசகர் மகிழ்ச்சியை நாடுகின்றனர். அவர்கள் கையில் துயரத்தைக் கொடுப்பது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும் முல்லைப்பாட்டு மகிழ்ச்சியில்தான் முடிகிறது என்பதை மறத்தலாகாது. அங்கே காத்திருப்பவளுக்குப் பாட்டில் உரிய இடம் வழங்கப்பட்டிருக்கிறது. விடுமுறைக் கதைகளிலோ காத்திருப்பவர்க்கு இடமே இல்லை. முறுக்குப் பிழிவதும் பரிமாறுவதும் வழியனுப்புவதும் தவிரத் தாய்க்கு வேறு செயலில்லை. பண்டிகைக்கு முந்தின இரவில் அவள் என்ன எண்ணினாள், மகன் தங்குவதற்கென்று எந்த அறையை ஒழித்துவைத்தாள், அவன் தட்டில் மீதம் வைத்த பலகாரத்தைப் பார்த்து எதனைப் புரிந்துகொண்டாள் என்பவற்றை அக்கதைகள் கேட்பதில்லை. துயரத்தைச் சேர்க்கவேண்டும் என்பது இங்குக் கோரிக்கை அன்று. காத்திருப்பைக் காட்டாமல் வருகையின் இன்பத்தைக் காட்ட இயலாது என்பதே கருத்து.

வகுப்பறையில் இதற்கான பயிற்சியை எளிதில் தொடங்கலாம். பழைய தலைப்பை மாற்ற வேண்டியதில்லை. ‘விடுமுறையில் ஊருக்குச் சென்று வந்தேன்’ என்பதே இருக்கட்டும். எழுதுவதற்கு முன் மூன்று வினாக்களை மட்டும் மாணவர் முன் வைக்கலாம்: வீட்டில் காத்திருந்தவர் அன்று காலை என்ன செய்துகொண்டிருந்தார்? சென்ற முறை இருந்து இம்முறை இல்லாமற் போனது எது? சொல்ல நினைத்தும் சொல்லாமல் விட்ட பேச்சு எது? முதல் வினா முல்லையிலிருந்து வருவது. இரண்டாவது பட்டர்வொர்த் போன்று மாறிவரும் ஊர்களிலிருந்து வருவது. மூன்றாவது செபஸ்திக்கும் குரூஸ் மிக்கேலுக்கும் இடையிலிருந்து வருவது. இவற்றுக்கு விடைதேடி எழுதும் மாணவனின் கட்டுரையில் ஒன்றிரண்டு சந்திப்பிழைகள் இருக்கலாம். அவற்றை ஆசிரியர் திருத்திக் கொடுத்துவிடலாம். காத்திருந்த பாட்டியை அவன் முதன்முறையாகக் கவனித்திருந்தால், அதற்குரிய புள்ளிகளையும் தயங்காது வழங்கலாம்.