இரும்புக்கையும் சிலந்தி வலையும்

இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? இந்தக் கேள்வியைப் படித்ததும் முகம் சுளிப்பவர்கள் சிலர் இருப்பார்கள். வயது வந்தவர்கள் பேசுகிற விஷயமா இது என்பார்கள். கம்பன் பெரியவனா, இளங்கோ பெரியவரா என்று பட்டிமன்றம் வைத்துக் கைதட்டுகிற நாம், பையன்கள் இரண்டு படக்கதை வீரர்களை மோதவிடுவதைப் பார்த்துச் சிரிப்பது நியாயமாகாது. பையன்களுடைய விசாரணை முறை நம்முடையதைவிடக் கறாரானது என்பது என் அபிப்பிராயம்.

படக்கதை பழக்கமில்லாதவர்களுக்காக இருவரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் புத்தகத்தின் கதாநாயகனாக வந்தவன் இரும்புக்கை மாயாவி. பிறந்தது இங்கிலாந்தில், 1962-ல், 'வாலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில். லூயிஸ் கிராண்டேல் என்று பெயர். விபத்தில் வலது கையை இழந்து உருக்குக் கை பூண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். உருக்குக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆரம்பத்தில் குற்றத்தில் இறங்கி, பிறகு நல்ல வழிக்குத் திரும்பி, இரகசியப் போலீஸ்காரனாக உயர்ந்தவன்.

ஸ்பைடர் 1965-ல் 'லயன்' என்ற இன்னொரு ஆங்கில வாரப் பத்திரிகையில் பிறந்தவன். அமெரிக்கச் சிலந்தி மனிதன் வேறு, இவன் வேறு. 1984-ல் தொடங்கிய சிவகாசி லயன் காமிக்ஸ் இவனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. கூர்மையான காது, கறுப்பு உடை, வலை வீசும் துப்பாக்கி, பறக்கும் ஹெலிகார். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்று கிளம்பி, பிற்பாடு குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்கியவன். அவன் திருந்தியதாக எனக்குத் தோன்றவில்லை. கர்வத்துக்கு ஒரு புதிய வேலை கிடைத்தது, அவ்வளவுதான். இவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-ல் வெளியான சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். ஆகவே ஸ்பைடரும் சூப்பர்மேனும் சண்டையிட்டால் அது பங்காளிச் சண்டை என்றுதான் சொல்லவேண்டும்.

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில், எண்பதுகளில், நான் குடியிருந்த தெருப் பையன்கள் இந்த யுத்தத்தைத் தினமும் நடத்தினார்கள். யுத்த களம் ரயில் பாதை ஓரம். காரணம் மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பி. மாயாவிக்கு அதைவிட நல்ல இடம் ஏது என்றது ஒரு கட்சி. "மறைஞ்சா என்னடா? வலையை வீசினா உடம்பு மேலே ஒட்டிக்கிட்டு ஆள் உருவம் தெரிஞ்சிடும்" என்றது எதிர்க்கட்சி. கையில் துப்பாக்கி எடுத்தால் துப்பாக்கியும் தெரியுமே, அப்புறம் மறைந்து என்ன பயன் என்று ஒருவன் கேட்டான். கடைசியில் ஒரு பொடியன், "கரன்ட் கட் ஆயிட்டா?" என்றான். எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். நம் ஊர் மின்வெட்டை வைத்து ஓர் ஆங்கில வீரனைத் தோற்கடித்துவிட்டான்.

அந்தப் பொடியன் செய்தது நல்ல விமரிசனம். வீரனுக்கு என்னென்ன சக்தி உண்டு என்று அவன் பட்டியல் போடவில்லை. அவனுக்கு எது முடியாது என்று பார்த்தான். கதைக்கு ஆதாரம் அந்த முடியாமைதான். எல்லாம் முடிந்தவனுக்குக் கதை கிடையாது, ஸ்தோத்திரம்தான் உண்டு.

நம் பழைய கதைசொல்லிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். யார் யாரை ஜெயித்தார் என்ற கணக்கு நம் புராணங்களில் வெகு சுத்தமாக இருக்கிறது. இராவணனைப் பிடித்துச் சிறையிட்டவன் கார்த்தவீரியார்ச்சுனன். கார்த்தவீரியனைக் கொன்றவன் பரசுராமன். பரசுராமனை அடக்கியவன் இராமன். ஆக, இலங்கைக்குப் போகுமுன்பே போட்டியின் முடிவு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் வாலி ஒருவன் இந்தக் கணக்கில் சேராமல் நிற்கிறான். இராவணனை வாலில் கட்டிக்கொண்டு அலைந்தவன். எதிரே நிற்பவனுடைய பலத்தில் பாதி தனக்கு வந்துவிடும் என்ற வரம் பெற்றவன். நேருக்கு நேர் நின்றால் தோற்கமாட்டான். அதனால் இராமன் மறைந்து நின்றான். வென்றான், சரி, ஆனால் தன் இயல்பை விட்டு விலகி வென்றான். அந்தக் காயம் இன்றுவரை ஆறவில்லை. எத்தனை தலைமுறைகள், எத்தனை சமாதானங்கள்! அம்பு தைத்துக் கிடக்கிற வாலியைக் கம்பன் இராமனிடம் வாதாட விட்டான். மழுப்பிவிட்டுப் போகாததுதான் அவன் பெருமை.

மழுப்பிய கதையும் நம்மிடம் உண்டு. கிருஷ்ணனும் அர்ச்சுனனும் ஒருவரோடொருவர் போரிட்டதாக ஒரு கதை; வியாச பாரதத்தில் இது இல்லை. விமானத்தில் போன கயன் என்ற கந்தர்வன் துப்பிய எச்சில் கிருஷ்ணன் கையில் விழுகிறது. அவனைக் கொல்வேன் என்று கிருஷ்ணன் சபதம் செய்கிறான். விஷயம் தெரியாமல் அர்ச்சுனன் அவனுக்கு அபயம் கொடுத்துவிடுகிறான். பிறகென்ன, யுத்தம். 1963-ல் இது தெலுங்கில் கே. வி. ரெட்டியின் டைரக்‌ஷனில் படமாக வந்தது. என். டி. ராமராவ் கிருஷ்ணன், நாகேஸ்வர ராவ் அர்ச்சுனன். இரண்டு பெரிய நட்சத்திரங்கள், இரண்டு பேருக்கும் ரசிகர் கூட்டம். யார் தோற்கமுடியும்? தெய்வம் குறுக்கிட்டுச் சமாதானம் செய்துவைத்தது. கொட்டகையும் பிழைத்தது.

அமெரிக்கர்கள் 1976-ல் செய்ததும் இதையேதான். போட்டிக் கம்பெனிகளான டி.சி.யும் மார்வலும் கூட்டுச் சேர்ந்து சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் ஒரே புத்தகத்தில் மோதவிட்டன. மலையைத் தூக்குகிறவனோடு சுவர் ஏறுகிறவன் எப்படிச் சண்டையிடுவது? வில்லன் லூதர் ஒரு கதிரைப் பாய்ச்சிச் சிலந்தி மனிதனுக்குக் கொஞ்ச நேரம் கடன் பலம் கொடுத்தான். நாலு குத்து விட்டார்கள். பிறகு தோளோடு தோள் சேர்ந்து இரண்டு வில்லன்களையும் பிடித்தார்கள். இருவர் தலையிலும் தூசி படவில்லை.

1996-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அதே இரண்டு கம்பெனிகளின் வீரர்கள் மோதிய வரிசையில் 5 சண்டைகளின் முடிவை வாசகர் வாக்குக்கு விட்டுவிட்டார்கள். அவற்றில் வோல்வரினும் லோபோவும் மோதிய சண்டை ஒன்று. இருவரும் இலேசில் சாகாத ஜன்மங்கள். சண்டை முக்கால்வாசியும் ஒரு மதுக்கடை மேடைக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. கடைசியில் வோல்வரின் எழுந்து வருகிறான். எப்படி ஜெயித்தான்? வாக்கு அதிகம் விழுந்தது. தேர்தலில் அது சரி, கதையில் சரியாகுமா? வியாபாரிக்கு யாரும் தோற்கக்கூடாது, அல்லது அதிகம் விற்கிறவன் தோற்கக்கூடாது. இரும்புலியூர்ப் பையன்களுக்கு விற்கவேண்டிய சரக்கு எதுவும் இல்லை. அதனால் அவர்களுக்கு நியாயம் தெரிந்தது.

மோதவிடாமல் சேர்க்கிற வழி ஒன்றும் உண்டு. மந்திரவாதி மாண்ட்ரேக்கையும், ராணி காமிக்ஸ் வாசகர்கள் மாயாவி என்று அறிந்த முகமூடி வீரன் ஃபேண்டத்தையும் படைத்தவர் லீ ஃபாக் என்ற ஒரே மனிதர். முன்னவனை 1934-லும் பின்னவனை 1936-லும் படைத்தார். 1977-ல் ஃபேண்டத்துக்கும் டயானாவுக்கும் கல்யாணம் செய்துவைத்தபோது மாண்ட்ரேக்கை விருந்தாளியாக வரவழைத்தார். சண்டை இல்லை, சவால் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர் ஒருவனை மற்றவன் கல்யாணத்துக்கு அழைத்தார். வாசகனுக்கு அதில் ஏமாற்றம் சிறிதும் இல்லை. இருவரும் தத்தம் இயல்பிலேயே இருந்தார்கள்.

பையன்களின் விளையாட்டு ஒரு பரீட்சை என்று நான் நினைக்கிறேன். ஒரு பாத்திரத்தை அது பிறந்த கதையிலிருந்து பெயர்த்தெடுத்து அன்னிய மண்ணில் நிறுத்துகிறோம். அங்கேயும் அது தானாகவே நடந்துகொள்கிறதா? கல்கியின் வந்தியத்தேவனை ஸ்பைடர் முன் நிறுத்திப் பாருங்கள். பொய் சொல்வான், அகப்பட்டுக்கொள்வான், வலையில் தொங்கிக்கொண்டே ஸ்பைடரின் கர்வத்தைத் தட்டிக்கொடுத்துத் தப்பித்துவிடுவான். நமக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? நம் தொடர்கதைகளின் கதாநாயகர்களில் எத்தனை பேர் இந்தப் பரீட்சையில் தேறுவார்கள்? பலரைப் பற்றி, அழகன், வீரன், நல்லவன் என்பதற்கு மேல் எதுவும் சொல்லமுடியாது. எங்கே நிறுத்தினாலும் படத்துக்குப் போஸ் கொடுப்பார்கள்.

அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பிள்ளை, அவனும் இவனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டால், போய்ப் படி என்று விரட்டாதீர்கள். அவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். எதனால் அவன் தோற்பான் என்று பதிலுக்குக் கேளுங்கள். அதற்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு நாங்கள் எழுதுகிற நாவல்களைச் சுலபமாக மன்னித்துவிடமாட்டான். எங்களுக்கு அது நல்லது.