தடை போட்டால் சந்தேகம் போகுமா?

'டாவின்சி கோட்' ஞாபகமிருக்கிறதா? 2006-ல் தமிழக அரசு அந்தப் படத்துக்குத் தடை போட்டது. சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. அப்புறம் பார்த்தால்... இதுக்கா இவ்வளவு கலாட்டா! டாம் ஹாங்க்ஸ் ஓடுகிறார், நின்று பாடம் நடத்துகிறார், மறுபடி ஓடுகிறார்.

படம் சுமார்தான். ஆனால், 'கான்ஸ்டன்டைன் கூட்டின மாநாட்டுல ஓட்டுப் போட்டுத்தான் இயேசுவைக் கடவுளாக்கினாங்களாமே?' என்று சர்ச்சுக்குப் போகிற பையன் கேட்டால்? 'அதெல்லாம் பார்க்காதே' என்பது பதிலா? நைசியா மாநாடு கூடியது கி.பி. 325-ல். அதற்கு 250 வருஷம் முன்பே பவுல் தன் கடிதங்களில் இயேசுவை ஆண்டவர் என்று எழுதிவிட்டார். 1099-ல் பிறந்ததாகக் கதையில் வரும் ரகசிய சங்கமோ, 1956-ல் பிரான்ஸில் பதிவானது!

அதே பவுல், எதையும் சோதித்துப் பார்க்கத்தான் சொன்னார். கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்லவில்லை.