ஆய்வாளர் மேம்பாட்டுச் சட்டகமும் தமிழாய்வு மாணவரும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

முனைவர் பட்டம் பெற்றவர் அடுத்து என்ன செய்வார் என்னும் வினா, தமிழாய்வுத் துறைகளில் பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு முடிந்த பின்னரே எழுகிறது. தலைப்புத் தேர்வு, கோட்பாட்டு அணுகுமுறை, இயல் பகுப்பு, சான்றாதாரம் ஆகியன பற்றி மேற்பார்வையாளரும் மாணவரும் ஆண்டுக்கணக்கில் உரையாடுகின்றனர். அப்பட்டம் மாணவரின் பணி வாழ்வில் எவ்விடத்தில் பொருந்தும் என்பது அவ்வுரையாடலில் அரிதாகவே இடம்பெறுகிறது. கல்வியைப் பற்றிப் பேசும் இடத்தில் பிழைப்பைப் பற்றிப் பேசுவது தகாது என்னும் நாணம் இதற்கு ஒரு காரணம். பேசினால் மாணவர் ஆர்வம் குன்றிவிடுவாரோ என்னும் அச்சம் மற்றொரு காரணம்.

இந்த வினாவுக்கு முறையான விடை காண முயன்ற ஆவணங்களுள் ஐக்கிய அரசில் 2010-ஆம் ஆண்டு வெளியான ‘ஆய்வாளர் மேம்பாட்டுச் சட்டகம்’ முதன்மையானது. ஆய்வாளருக்கான பயிற்சியைத் திட்டமிடும் பல்கலைக்கழகங்கள் பல இதனை முன்மாதிரியாகக் கொண்டன. இச்சட்டகத்தின் உள்ளடக்கத்தை மதிப்பிட்டு, தமிழாய்வு மாணவருக்கு, குறிப்பாக மலேசியச் சூழலில் பயிலும் மாணவருக்கு, அது எந்த அளவு பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டகத்தின் தோற்றமும் அமைப்பும்

இச்சட்டகத்திற்கு ஒரு முன்வரலாறு உண்டு. 2002-இல் சர் கேரத் ராபர்ட்ஸ் ஐக்கிய அரசின் நிதியமைச்சுக்கு அளித்த அறிக்கை, அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்ட மாணவர் பெறும் பயிற்சி, அவர்கள் பின்னர் மேற்கொள்ளும் பணிகளுக்குப் போதுமானதாக இல்லை எனச் சுட்டியது. ஆண்டுதோறும் குறைந்தது 2 வாரங்கள் பொதுத்திறன் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அதற்கென அரசு தனி நிதி ஒதுக்கியது. 2008-இல் ‘வைட்டே’ என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. அவ்வமைப்பு, ஆய்வாளர் பலரை நேர்கண்டு திரட்டிய செய்திகளின் அடிப்படையில் 2010-இல் இச்சட்டகத்தை வெளியிட்டது.

சட்டகம் 4 களங்களையும் 12 உட்பிரிவுகளையும் 63 திறன்கூறுகளையும் உடையது. அறிவும் சிந்தனை ஆற்றலும் முதற்களம். தன்னாளுமை இரண்டாவது. ஆய்வு நெறியும் நிருவாகமும் மூன்றாவது. ஈடுபாடு, செல்வாக்கு, தாக்கம் ஆகியன நான்காவது. ஒவ்வொரு திறன்கூறும் 3 முதல் 5 வரையிலான வளர்ச்சிப் படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மாணவர் தாம் நிற்கும் படியைத் தாமே கண்டறிந்து அடுத்த படிக்குத் திட்டமிட வேண்டும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து.

சட்டகத்தின் தகுதி

இச்சட்டகத்தின் முதன்மையான தகுதி, பெயரின்றிக் கிடந்த திறன்களுக்குப் பெயர் சூட்டியமையாகும். ஆய்வேடு எழுதும் மாணவர் நேரத்தை வகுத்துக்கொள்கிறார். களப்பணியில் முதியோரிடம் இசைவு பெற்றுச் செய்தி திரட்டுகிறார். நூலகத்தின் பட்டியலில் இல்லாத நூலைத் தனியாரிடம் தேடிக் கண்டெடுக்கிறார். இவை யாவும் திறன்கள். ஆயினும், நேர்முகத் தேர்வில் ‘நீங்கள் என்ன செய்ய வல்லீர்கள்’ எனக் கேட்டால், நம் மாணவர் தம் ஆய்வேட்டின் தலைப்பையே மீண்டும் சொல்கின்றனர். தாம் கற்றதைப் பிறர் அறியும் சொல்லால் எடுத்துரைக்க அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. இந்தக் குறையைச் சட்டகம் நேரடியாகத் தீர்க்கிறது.

இரண்டாவது தகுதி, பேராசிரியர் பதவியை முனைவர் பட்டத்தின் ஒரே முடிவாகக் கொள்ளாமையாகும். இதற்கு வலுவான காரணம் உண்டு. பிரித்தானிய அரச கழகம் 2010-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டில் அறிவியல் துறையில் முனைவர் பட்டம் பெறுவோருள் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டினரே பல்கலைக்கழகத்தில் நிலையான ஆய்வுப் பணியை அடைகின்றனர். பேராசிரியர் ஆவோர் 0.45 விழுக்காட்டினர். மொழித்துறையிலும் இவ்வுணர்வு பின்னர் எழுந்தது. அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் அமைத்த பணிக்குழு 2014-இல் அளித்த அறிக்கை, முனைவர் பட்ட மாணவர் பல்வகைப் பணிகளுக்குச் செல்வதைத் தோல்வியாகக் கருதாமல், பாடத்திட்டத்திலேயே அதற்கு இடமளிக்க வேண்டும் என வலியுறுத்தியது.

மலேசியாவுக்கும் இது புறச்செய்தி அன்று. 2023-ஆம் ஆண்டுக்குள் 60,000 முனைவர்களை உருவாக்கும் இலக்கோடு ‘மைபிரேய்ன் 15’ என்னும் உதவித்தொகைத் திட்டம் வகுக்கப்பட்டது. பட்டதாரிகளின் எண்ணிக்கைக்கு இலக்கு வகுத்த அளவுக்கு அவர்கள் சென்று சேரும் பணியிடங்களைப் பற்றி நாம் பேசவில்லை. தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகளோ இந்நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒருவர் ஓய்வு பெற்றாலன்றி மற்றொருவருக்கு இடமில்லை என்பதே பெரும்பாலான துறைகளின் நிலை.

மொழி என்னும் ஒற்றைக் கூறு

தகுதிகள் இவ்வாறிருக்க, தமிழாய்வின் பார்வையில் சட்டகத்தின் குறைகளும் தெளிவாகவே தெரிகின்றன. 63 திறன்கூறுகளுள் ‘மொழிகள்’ என்பது ஒன்று. முதற்களத்தின் அறிவுத்தளம் என்னும் உட்பிரிவில் தகவல் தேடலுக்கும் எண்ணறிவுக்கும் இடையே அது அமைந்துள்ளது. ஆங்கிலத்திலேயே ஆய்ந்து ஆங்கிலத்திலேயே எழுதும் வேதியியல் மாணவருக்கு இது போதலாம். தமிழாய்வு மாணவருக்கோ மொழியே அடித்தளம்.

நம் மாணவர் சங்கச் செய்யுளுக்கு உரையாசிரியரின் நடைவழியே பொருள் காண வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் அச்சேட்டைப் படிக்க வேண்டும். மலாய் மொழியில் விண்ணப்பமும் அறிக்கையும் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் அனைத்துலக ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அளிக்க வேண்டும். இவற்றை ஒரே கூறாக அடக்கி அளவிடுவது இயலாது. ஒன்றில் முதிர்ந்தவர் மற்றொன்றில் தொடக்க நிலையில் இருத்தல் இயல்பு. பழந்தமிழில் ஆழ்ந்த புலமையுடைய மாணவர் ஆங்கிலக் கட்டுரையின் முன் திகைப்பதையும், ஆங்கிலத்தில் சரளமாக எழுதுபவர் உரைநூலின் முன் தடுமாறுவதையும் நாம் வகுப்பறையில் காண்கிறோம்.

வெளியீடு என்னும் கூறும் இதனோடு பின்னிப் பிணைந்தது. 2006-இல் மலாயாப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட 4 பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் ஸ்கோபஸ் போன்ற அட்டவணைகளில் இடம்பெறும் ஆய்விதழ்களுக்குத் தனி மதிப்பு கூடியது. தமிழில் வெளியாகும் ஆய்விதழ்களுள் அவ்வட்டவணைகளில் இடம்பெறுவன மிகச் சில. ஆகவே, தமிழில் எழுதினால் தமிழறிஞர் படிப்பர். பணி உயர்வுக்குழு மதிப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் குழு மதிக்கும். அக்கட்டுரை எந்த ஆசிரியருக்குப் பயன்பட வேண்டுமோ அவர் கைக்கு எட்டாது. இந்த இருதலைக் கொள்ளி நிலையைச் சட்டகம் அறியாது. மேற்பார்வையாளர் அறிவார். எந்தப் பகுதியை எந்த மொழியில், எவ்வரிசையில் வெளியிடுவது என்பதை ஆய்வின் முதலாண்டிலேயே மாணவருடன் சேர்ந்து முடிவு செய்வதும் பணிவழித் திட்டமிடலின் ஒரு பகுதியேயாகும்.

கற்பித்தலின் இடமும் கருதத்தக்கது. சட்டகத்தில் ‘கற்பித்தல்’ நான்காம் களத்தின் இறுதி உட்பிரிவில் தொழில்முனைவு, கொள்கை, பொதுமக்கள் ஈடுபாடு ஆகியவற்றோடு ஆறில் ஒன்றாக இடம்பெறுகிறது. இந்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தமிழில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்வோருள் பலர் பணியிலிருக்கும் ஆசிரியர்கள். அவர்களுக்குக் கற்பித்தல் என்பது ஆய்வுக்குப் பின் ஈட்ட வேண்டிய திறனன்று. அவர்கள் ஆய்வுக்கு வரும்போதே கொண்டுவரும் முதல். 15 ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற ஒருவரைத் தொடக்கப் படியில் நிறுத்தும் எந்த அளவுகோலும் நமக்குரியதன்று.

தனிமனிதர்மேல் ஏற்றப்படும் சுமை

சட்டகத்தின் ஆழமான குறை அதன் இலக்கணத்திலேயே உள்ளது. எல்லாக் கூறுகளுக்கும் எழுவாய் ஆய்வாளர் ஒருவரே. விடாமுயற்சி, தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, பணிக்கும் வாழ்வுக்கும் இடையிலான சமநிலை ஆகிய அனைத்தும் அவரே வளர்த்துக்கொள்ள வேண்டியவை. துறை என்ன செய்ய வேண்டும், மேற்பார்வையாளர் எதற்குப் பொறுப்பேற்க வேண்டும், பல்கலைக்கழகம் எதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பவற்றைத் திறன்கூறுகளின் பட்டியல் சுட்டுவதில்லை.

இதன் விளைவு நுட்பமானது. பகலில் பள்ளியில் கற்பித்து, மாலையில் பிள்ளைகளின் பாடத்தைப் பார்த்து, இரவில் ஆய்வேடு எழுதும் ஆசிரியை ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் 4 ஆண்டுகளில் முடிக்கவில்லையெனில் சட்டகத்தின் மொழியில் அது நேர மேலாண்மைக் குறைபாடு. அவர் அனுப்பிய இயல் 5 மாதம் திரும்பி வராமையும், அவருக்குப் படிப்பு விடுப்புக் கிடையாமையும் அம்மொழியில் பதிவாவதில்லை. அமைப்பின் குறை தனிமனிதரின் குணக்குறையாக மாற்றி எழுதப்படுகிறது. பணிவழித் திட்டமிடல் பற்றிய பயிலரங்குகள் பலவற்றில் மாணவர் அமைதியாக அமர்ந்திருந்து, படிவத்தை நிரப்பிக் கொடுத்துச் செல்வதற்கு இதுவே காரணம் எனக் கருத இடமுண்டு.

தனிநாயகம் அடிகளாரின் பணிவழி

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். இத்தகைய சட்டகம் எதுவுமின்றியே தமிழாய்வு வளர்ந்தது. தவத்திரு தனிநாயகம் அடிகளாருக்கு யார் பணித்திட்டம் வகுத்துக் கொடுத்தனர் எனக் கேட்போர் உண்டு. அவ்வாழ்வைச் சற்று நெருங்கிப் பார்த்தல் தகும்.

சமயத்துறவியாக உரோமையில் பயின்ற அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1950களில் இலண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனை பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றார். இவ்வழி நேர்கோடன்று. எந்தப் படிவத்திலும் அதனை முன்கூட்டியே எழுதியிருக்க இயலாது.

எனினும், ஒவ்வொரு கட்டத்திலும் அவர் ஓர் அமைப்பை விட்டுச் சென்றுள்ளார். 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆய்விதழ் தொடங்கப்பட்டது. 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானது. 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நிகழ்ந்தது. பின்வந்த ஆய்வாளர் பலர் தம் முதல் கட்டுரையைப் படைக்கவும் வெளியிடவும் இவை களமாயின. இத்துறையின் இராம சுப்பையா தொகுத்து 1969-இல் வெளியான ‘தமிழ் மலேசியானா’ நூற்பட்டியலும் இத்தகையதே. பட்டியல் தொகுத்தல் தொகுப்பவருக்குப் பெரும் புகழ் தருவதன்று. மலேசியத் தமிழிலக்கியத்தை ஆய வருபவருக்கோ அது வழிகாட்டி.

ஆகவே அடிகளாரின் வாழ்வு திட்டமிடல் வேண்டா என்பதற்குச் சான்றாகாது. அவர் வந்த காலத்தில் துறை இளமையாயிருந்தது; பதவிகள் புதிதாகத் திறந்தன. இன்றைய மாணவர் கதவுகள் பெரிதும் அடைபட்ட காலத்தில் வருகிறார். பிறர் பணிவழி திறக்கும் அமைப்புகளை உருவாக்குவது மூத்தோர் கடன் என்பதே அவ்வாழ்வு தரும் பாடம். 63 கூறுகளுள் அக்கடனுக்கெனத் தனியிடம் இல்லை.

துறை செய்யத்தக்கவை

மேற்கண்ட மதிப்பீட்டின் அடிப்படையில் மூன்று உரையாடல்களை முன்மொழியலாம். முதலாவது, பதிவுக்கு முன் நிகழ வேண்டியது. பல்கலைக்கழகப் பதவிகளின் உண்மை நிலையை மாணவருக்கு ஒளிக்காமல் சொல்லி, அவர் எதற்காக வருகிறார் எனக் கேட்டல் வேண்டும். பணி உயர்வுக்கோ, பாடநூலாக்கத்திற்கோ, அறிவு வேட்கை ஒன்றிற்கோ வரலாம். எக்காரணமும் தாழ்ந்ததன்று, காரணத்திற்கேற்பத் தலைப்பு அமைதல் வேண்டும்.

இரண்டாவது, ஆய்வு முன்மொழிவு ஏற்கப்பட்டபின் நிகழ வேண்டியது. சட்டகத்தின் பட்டியலை இங்குப் பயன்படுத்தலாம். ஆயின் மொழி என்னும் கூற்றை நான்காக விரித்து, மூலபாடப் பதிப்பு, வாய்மொழி வழக்காறு திரட்டல், நூற்பட்டியலாக்கம், ஒருங்குறித் தரவகம் ஆகியவற்றையும் சேர்த்தல் வேண்டும். இவை வேலைவாய்ப்போடு தொடர்புடையவை. 2015-இல் சிங்கப்பூரில் நிறைவெய்திய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் இதற்கு நல்ல சான்று. அந்நாட்டின் அரை நூற்றாண்டுக் காலத் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்க, தமிழும் நூலகவியலும் காப்புரிமையும் அறிந்தோர் தேவைப்பட்டனர். இத்தகைய பணிகளுக்கு நம் மாணவர் தகுதியுடையோர் என்பதை முதலில் நாம் அறிதல் வேண்டும்.

மூன்றாவது, ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு ஓராண்டுக்கு முன் நிகழ வேண்டியது. எந்த இயல் கட்டுரையாகும், எது ஆசிரியர்க்கான கையேடாகும், யாரிடம் பரிந்துரைக் கடிதம் பெறுவது என்பன அப்போது முடிவாக வேண்டும். மாணவரின் குறிப்பேட்டிற்கு எதிர்ப்பக்கத்தில் மேற்பார்வையாளரின் கடமைகளும் எழுதப்பட்டு இருவரும் கையொப்பமிடுதல் நன்று. இயலைத் திருத்தித் தருவதற்குரிய கால எல்லை அதில் முதலாவதாக இடம்பெற வேண்டும். பட்டம் பெற்றோர் எங்குப் பணியாற்றுகின்றனர் என்னும் பதிவேட்டையும் துறை பேணி, புதிய மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும்.

முடிவுரை

ஆய்வாளர் மேம்பாட்டுச் சட்டகம் நமக்குச் சில சொற்களைத் தருகிறது. இதுவரை பேசாதவற்றைப் பேச அச்சொற்கள் உதவும். ஆயினும் அதனை அப்படியே மொழிபெயர்த்துப் படிவமாக்கினால், மொழி ஒன்றையே முதலாகக் கொண்ட நம் துறையின் இயல்பும் பணியோடு பயிலும் நம் மாணவரின் நிலையும் மறைந்துபோகும். சட்டகம் மாணவரைப் பார்த்துக் கேட்கும் வினாக்களைத் துறையும் தன்னிடம் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். தமிழில் ஆய்வு செய்ய வருவோர் தொகை குறைந்துவருவதாக நாம் மாநாடுகளில் கவலை தெரிவிக்கிறோம். வந்தவரை எவ்வாறு வழியனுப்புகிறோம் என்பதைப் பார்த்தே அடுத்தவர் வருவதா வேண்டாவா என முடிவு செய்கிறார் என்பதை மறத்தல் ஆகாது.