காற்று முதலில், ஈயம் பிறகு

2020 அக்டோபரில் மகிந்திராவின் புதிய தார் ஜீப் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பின் கொங்குச் சாலைகளில் பெரிய டயர் மாட்டிய ஜீப்புகள் பெருகிவிட்டன. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்வரும் வண்டிகளிலேயே இன்று சேற்று டயர் உருள்கிறது. காடு மேட்டுக்கென்று செய்த டயர் அன்றாட வேலைக்கு வந்துவிட்டது. அதற்குக் காற்று பிடிப்பதும் பேலன்ஸ் பார்ப்பதும் மட்டும் இன்னும் பழைய கார் கணக்கிலேயே நடக்கின்றன. சேற்று டயரை அன்றாடம் ஓட்டும் பழக்கத்தில் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. என் கருத்தில், கேட்டில் பெரும்பங்கு டயரால் வருவதல்ல. எடையைப் பார்த்துக் காற்றை முடிவு செய்யாமல், பிறகு வரும் உதறலை, பேலன்ஸுக்காக ரிம்மில் ஒட்டும் ஈயத்தால் அடக்கப் பார்ப்பதால் வருவது.

முதலில் நன்மை. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்களும், வரிசையாக எழும் வேகத்தடைகளும் திருப்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. தாரின் 18 அங்குல ரிம்மில் வரும் 255/65 டயரின் விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 17 அங்குல ரிம்மில் 285/70 மாட்டினால் விட்டம் 831 ஆகிறது. தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் இடையே 2 சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. கூரான கல் எளிதில் கிழிக்க முடியாத தடித்த பக்கச்சுவர் கிடைக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு மணலிலோ, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல்பாதையிலோ ஓட்டியவர்களுக்கு தரையைப் பற்றும் ரப்பர்க் கட்டியான ஆழமான பட்டனின் அருமை தெரியும். இதை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது நியாயமல்ல.

விலையும் உண்டு. விட்டம் 5 சதவீதம் கூடுவதால், மீட்டர் 80 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 84-ல் ஓடுகிறது. கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்கும், உருட்ட இன்ஜினும் கூடுதலாக உழைக்கின்றன. சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைச் சுட்டி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விகளில் டயர் அளவும் ஒன்றாக இருக்கலாம். அளவை மாற்றுமுன் இதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி காற்று. இங்கே இரண்டு தவறுகள் எதிரெதிர் திசையில் நடக்கின்றன. முதலாவது, டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணை அளவாகக் கொள்வது. மேலே சொன்ன 285/70 அளவில், கனரகச் சுமைக்கான டயர் 80 பி.எஸ்.ஐ. காற்றில் 1,450 கிலோ தாங்கும். ஆனால் நான்கு பேர் ஏறிய தார் ஏறக்குறைய 2 டன். ஒரு சக்கரத்தின் பங்கு சராசரி 500 கிலோ. தாங்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய எடைதான் அது. பக்கச்சுவர் எண் டயரின் உச்ச வரம்பு. வண்டிக்கு வேண்டிய அளவு அதுவல்ல. அந்த வரம்பை நெருங்கிக் காற்றடித்தால் டயர் நடுவில் புடைத்து, நடுப் பட்டன் மட்டும் தரையைத் தொடும். மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், நடுப்பகுதி விரைவில் தேயும், ஒவ்வொரு பள்ளமும் முதுகில் அடிக்கும்.

இதைக் கணக்காலும் பார்க்கலாம். தரையைத் தொடும் பரப்பு, தோராயமாக எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. 500 கிலோவுக்கு 35 பவுண்டு (பி.எஸ்.ஐ.) காற்றில் சுமார் 200 சதுர சென்டிமீட்டர். 22-க்கு இறக்கினால் 320-ஐத் தாண்டுகிறது. மணலில் காற்றைக் குறைத்தால் வண்டி மிதந்து போவது இதனால்தான்.

இரண்டாவது தவறு இங்கிருந்தே பிறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மணலுக்காக இறக்கிய காற்றைத் திங்கட்கிழமையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வண்டி மெத்தென்று போகிறது, உதறல்கூடக் குறைந்ததுபோல் தோன்றுகிறது. ஆனால் காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடிந்து விரிகிறது. அந்த மடிப்பில் செலவாகும் ஆற்றலில் ஒரு பகுதி சூடாக மாறுகிறது. தடித்த ரப்பர் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. கோடை வெயிலில் அவிநாசி தாண்டி சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் 100-ல் ஓடும்போது அந்தச் சூடு டயரின் அடுக்குகளையே பிரிக்கக்கூடும்.

இது கற்பனைப் பயமல்ல. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. பெரிய வண்டிகளுக்கென்று செய்து, அன்றாடம் தார்ச்சாலையில் ஓடியவை. ஓட்டத்தில் பட்டன் அடுக்கு உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. அந்நாட்டு அரசின் கணக்கில் 271 பேர் இறந்தார்கள். டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை இருந்தது. அதோடு அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லியிருந்த காற்று 26 பவுண்டுதான். இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. குறைகாற்றும் சுமையும் சூடும் ஒன்றுசேரும்போது டயருக்கு என்ன ஆகும் என்பதை உலகம் கற்றது அங்கேதான். காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி அமெரிக்காவில் கட்டாயமானதும் இதன் விளைவே.

அப்படியானால் சரியான அளவை எப்படிக் காண்பது? ஜீப் பிரியர்கள் நம்புவது சாக்பீஸ் சோதனை. பட்டன்மேல் குறுக்கே தடிமனாகக் கோடு போட்டு, நேராக நூறு மீட்டர் உருட்டிப் பார்ப்பார்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. இதன் பெருமை எளிமை. எந்த அட்டவணையும் இல்லாமல், உங்கள் வண்டியின் எடையில், உங்கள் ரிம்மின் அகலத்தில் டயர் எப்படி உட்காருகிறது என்று கண்ணால் காட்டிவிடுகிறது. குறையும் அதே எளிமைதான். மெதுவாக உருளும் காலி வண்டியின் தடத்தை மட்டுமே அது சொல்லும். சூட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கோடு சமமாக அழிகிறது என்பதற்காக 22 பவுண்டில் நெடுஞ்சாலை ஏறுவது ஆபத்து.

எனவே சாக்பீஸ் சொல்வதை வெப்பத்தைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது காற்றை அளந்துகொள்ளுங்கள்; அரைமணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏற்றம் 4 பவுண்டை ஒட்டியிருந்தால் தொடங்கிய அளவு பொருத்தம். கனரக இன டயருக்கு 6 வரை ஏறலாம். அதற்கு மேல் போனால் டயர் அளவுக்கு மீறி மடிந்து சூடாகியிருக்கிறது. தொடக்கக் காற்றைக் கூட்ட வேண்டும். ஏற்றமே இல்லையென்றால் குறைக்கலாம். தொடக்கப்புள்ளியாக ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளின் அளவை வைத்துக்கொள்ளலாம்; கனரக டயர் அதே எடைக்குச் சற்றுக் கூடுதல் காற்றைக் கேட்கும் என்பதால், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். சூடான டயரில் காற்று ஏறியிருக்கிறதே என்று திறந்துவிடுவது மட்டும் கூடவே கூடாது.

காற்று சரியான பிறகே பேலன்ஸ். வேகம் இரட்டித்தால் உதறும் விசை நான்கு மடங்காகும். பட்டனின் ஓரிடத்தில் 50 கிராம் அதிகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 45 கி.மீ. வேகத்தில் அது அச்சை 2 கிலோவுக்கும் குறைவான விசையோடு இழுக்கும். 90-ல் ஏழரைக் கிலோவைத் தாண்டும். அதுவும் ஒரு நொடிக்கு ஒன்பது பத்து முறை. டயர் கடையிலிருந்து அனுப்பர்பாளையம் சிக்னல்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘உதறல் போயிடுச்சு’ என்று சொல்வதில் பொருளில்லை. குறை வெளிவரும் வேகத்துக்கே அந்தச் சாலை இடம் தராது.

கடையில் நடப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பெரிய சக்கரத்தை இயந்திரத் தண்டில் கோன் வைத்து இறுக்குகிறார்கள். ரிம்மின் நடுத்துளையில் சேறோ துருவோ ஒட்டியிருந்தால் சக்கரம் மயிரிழை விலகி உட்காரும். இதை அனுப்பர்பாளையத்துப் பித்தளைத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதில்லை. கடைசலில் குடத்தின் மையம் விலகினால் என்ன ஆகும் என்பது அவர் கைக்குத் தெரியும். விலகலோடு அளந்தால் இயந்திரம் இல்லாத குறையைக் காட்டும். அதற்கு ஈயம் ஒட்டுவார்கள். சக்கரத்தைக் கழற்றிக் கால்சுற்று திருப்பி மாட்டி மறுபடி சுழற்றச் சொல்லுங்கள். எண் மாறினால் மையம் சரியில்லை என்று பொருள்.

உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் தனித்தனியாக எடை ஒட்ட வேண்டும். டயர் அகலமாக இருப்பதால் ஒருபக்க எடை மட்டும் போதாது. சக்கரம் மேலும் கீழும் துள்ளுவது நின்றாலும் பக்கவாட்டு ஆட்டம் நிற்காது. ஒரே இடத்தில் 150, 200 கிராம் என்று எடை குவிந்தால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். காற்றை இறக்கி, ரிம்மின்மேல் டயரை அரைச்சுற்று திருப்பி மாட்டினாலே பாதி எடை குறைவதுண்டு. புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது லேசான இடம். வால்வுக்கு நேராக வர வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு உதறினால்? இயந்திரம் சக்கரத்தை அந்தரத்தில்தான் சுழற்றுகிறது. எடை தாங்கும்போது டயரின் ஒருபுறம் இறுகியும் மறுபுறம் தளர்ந்தும் இருந்தால் அதற்குத் தெரியாது. ஈயத்தால் தீராத குறை இது. உள்ளங்கையால் பட்டனைத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் விரலைப் பிடித்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. மேடும் குழியுமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பரும் பழைய குறைகாற்றும் சேர்ந்து செய்த வேலை. ஸ்டியரிங் உதறினால் முன்சக்கரத்தையும், சீட் அதிர்ந்தால் பின்சக்கரத்தையும் முதலில் சந்தேகப்படுங்கள். ஜிம்னிபோல் முன்பக்கம் நேர் அச்சு உள்ள வண்டியில் இதை இன்னும் விரைவாகப் பார்க்க வேண்டும். அங்கே சிறு உதறல் வளர்ந்து ஸ்டியரிங்கையே கையிலிருந்து பிடுங்கும் அளவுக்குப் போகக்கூடும்.

எடைபோட்டுப் பார்த்தால், மாதம் ஒருமுறையேனும் மண்பாதை ஏறுபவருக்குப் பெரிய டயர் தகும். அவரிடம் சொந்தமாகக் காற்றளவு மானியும், காற்றடிக்கும் சிறு கம்ப்ரசரும் இருக்க வேண்டும். இறக்கிய காற்றைத் தார்ச்சாலை தொடுமுன் ஏற்ற வேண்டும். ரிம்மின் உட்புறச் சேற்றைக் கழுவிய பிறகே பேலன்ஸ் பற்றிப் பேச வேண்டும். பட்டறைக்கும் வீட்டுக்கும் கோவைக்கும் மட்டும் ஓட்டுபவருக்குக் கம்பெனி சொன்ன அளவிலேயே, தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஏ.டி. வகை டயர் கிடைக்கிறது. அவருக்கு அதுவே போதும். எதை மாட்டினாலும், காற்று பிடிப்பவர் ‘எவ்வளவு வைக்கட்டும்’ என்று கேட்கும்போது, நாமே அளந்து கண்ட எண்ணைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் ஈயத்தின் வேலை பாதியாகக் குறையும்.